காய்ச்சலின் பின்னே வரும் நிமோனியா: இரு தடுப்பூசிகளைப் பற்றிய ஒரு பாடம்



மழைக்காலம் வந்துவிட்டால் தும்மலும் இருமலும் இல்லாத வீடு இல்லை. "ஜலதோஷம்தானே, நாலு நாளில் சரியாகிவிடும்" என்று சொல்லிக் கஷாயம் வைத்துக் குடிக்கிறோம். பெரும்பாலும் அது சரியாகியும் விடுகிறது. ஆனால் சிலருக்கு, அதிலும் கைக்குழந்தைகளுக்கும் முதியோருக்கும், காய்ச்சல் சற்றுத் தணிந்தது போலத் தோன்றி ஐந்தாம், ஆறாம் நாளில் குளிர்நடுக்கத்துடன் மறுபடியும் ஏறுகிறது. மூச்சு வாங்குகிறது. விலாவில் குத்துகிறது. துருப்பிடித்த நிறத்தில் சளி வருகிறது. வீட்டார் மருத்துவமனைக்குக் கொண்டுவருவதற்குள் நுரையீரலின் ஒரு பகுதி காற்றுப் புகாமல் இறுகிப்போயிருக்கும்.

இவ்வாறு ஒன்றன் பின் ஒன்றாக வரும் இரு நோய்களைப் பற்றியும், அவற்றைத் தடுக்கும் இரு ஊசிகளைப் பற்றியும் இப்பாடத்தில் படிப்போம். முதலாவது இன்புளுயன்சா என்னும் ஃப்ளூ காய்ச்சல். இரண்டாவது நிமோகாக்கஸ் என்னும் கிருமியால் உண்டாகும் நிமோனியா. இவ்விரண்டையும் தனித்தனியே படிப்பதைவிடச் சேர்த்துப் படிப்பதே நல்லது. ஏன் என்பது போகப்போக விளங்கும்.

1. இரண்டு கிருமிகள்

இன்புளுயன்சா ஒரு வைரஸ் நோய். சாதாரண ஜலதோஷத்தை உண்டாக்கும் வைரஸ்கள் வேறு, இது வேறு. திடீரென்று கடுங்காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போன்ற வலி, தலைவலி, வறட்டிருமல் ஆகியவை இதன் அடையாளங்கள். மனிதரிடமிருந்து இந்த வைரஸை முதன்முதலாகப் பிரித்தெடுத்தவர்கள் இலண்டனில் பணிசெய்த வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா என்னும் மூவர். ஆண்டு 1933.

நிமோகாக்கஸ் ஒரு பாக்டீரியா. 1881-ஆம் ஆண்டில் பிரான்சில் லூயி பாஸ்டரும், அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டெர்ன்பர்க்கும் ஒருவரையொருவர் அறியாமலே இதைக் கண்டறிந்தனர். நல்ல சுகத்தோடு இருக்கும் குழந்தைகள் பலரின் மூக்கிலும் தொண்டையிலும் இது எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கும். நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா. இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்தான நச்சுநிலை. மூளையின் உறையைத் தாக்கினால் மூளைக்காய்ச்சல். காதில் சீழ் வடிவதற்கும் இது ஒரு காரணம்.

இக்கிருமியைச் சுற்றிச் சர்க்கரைப் பொருளால் ஆன வழுவழுப்பான ஓர் உறை இருக்கிறது. நம் இரத்தத்திலுள்ள வெள்ளையணுக்கள் இதைப் பிடித்து விழுங்க முடியாமல் வழுக்கிவிடச் செய்வது இந்த உறையே. உறையின் அமைப்பைக் கொண்டு இதுவரை 100-க்கும் மேற்பட்ட வகைகள் கண்டறியப்பட்டுள்ளன. ஒரு வகைக்கு எதிராக உண்டாகும் எதிர்ப்புச் சக்தி மற்ற வகைகளுக்குப் பெரும்பாலும் உதவாது. தடுப்பூசி செய்வது கடினமானதற்கு இதுவே காரணம்.

2. ஒன்று கதவைத் திறக்கிறது, மற்றது உள்ளே நுழைகிறது

நம் மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்ணிய மயிர்கள் வரிசையாக உள்ளன. அவை இடைவிடாமல் அசைந்து, சளியையும் தூசியையும் கிருமிகளையும் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. இன்புளுயன்சா வைரஸ் இந்த உட்சுவரைப் புண்ணாக்கி, துடைப்பம் போன்ற அந்த மயிர்களைச் செயலிழக்கச் செய்கிறது. வைரஸிடமுள்ள ஒரு நொதி, செல்களின் மேற்பரப்பிலுள்ள பாதுகாப்பான சர்க்கரைப் பூச்சையும் அரித்துவிடுகிறது. அரிக்கப்பட்ட இடத்தில் நிமோகாக்கஸ் எளிதாக ஒட்டிக்கொள்கிறது. அதே நாட்களில் நுரையீரலின் காவற்காரரான விழுங்கணுக்களும் தளர்ந்திருக்கின்றன. தொண்டையில் சும்மா இருந்த கிருமி இப்போது தடையின்றி உள்ளே இறங்குகிறது.

1918-ஆம் ஆண்டின் கொள்ளைநோய் இதற்குப் பெரிய சாட்சி. அவ்வாண்டு ஜூனில் பம்பாயில் தொடங்கிய விஷக் காய்ச்சல், செப்டம்பருக்குப் பின் இரண்டாம் அலையாக எழும்பி இந்தியா முழுவதும் பரவியது. நம் நாட்டில் மட்டும் ஏறத்தாழ 1.2 கோடி முதல் 2 கோடி மக்கள் வரை இறந்தனர் என்று மதிப்பிடுகிறார்கள். அக்காலத்தில் அமெரிக்காவில் இறந்துபோன 58 பேரின் பாதுகாத்து வைக்கப்பட்ட நுரையீரல் திசுக்களை 2008-இல் விஞ்ஞானிகள் மறுபடியும் ஆராய்ந்தபோது, அவை அனைத்திலும் பாக்டீரியா நிமோனியாவின் அடையாளங்கள் காணப்பட்டன. வைரஸ் தொடங்கி வைத்ததைப் பாக்டீரியா முடித்து வைத்தது.

இன்னொரு சாட்சி தென்னாப்பிரிக்காவின் சொவெட்டோவிலிருந்து வருகிறது. அங்கே குழந்தைகளுக்கு நிமோகாக்கஸ் தடுப்பூசி போட்டு ஆராய்ந்தார்கள். வைரஸ் தொற்றோடு சேர்ந்த நிமோனியாவினால் மருத்துவமனையில் சேர்க்கப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை 31 சதவீதம் குறைந்தது என்று 2004-இல் அறிவித்தார்கள். வைரஸ் நோய் என்று நாம் எண்ணியிருந்த பலவற்றுள்ளும் நிமோகாக்கஸ் மறைந்திருந்தது என்பது இதனால் தெரியவந்தது.

3. சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய காய்ச்சல்

தமிழ்நாட்டுப் பெரியவர்கள் சிலருக்கு 1957-ஆம் ஆண்டின் ஃப்ளூ இன்னும் நினைவிருக்கலாம். ஆசிய ஃப்ளூ என்று அழைக்கப்பட்ட அந்நோய், மே மாதத்தின் நடுவில் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு கப்பலின் வழியாகச் சென்னையில் இறங்கியது. பன்னிரண்டு வாரங்களுக்குள் நாடெங்கும் பரவியது. 1958 பிப்ரவரி தொடக்கம் வரை 44 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாகவும், ஏறத்தாழ 1,100 பேர் இறந்ததாகவும் பதிவாயிற்று. கணக்கில் வராதவர் எத்தனையோ பேர். அவ்வாண்டில் இந்த வைரஸைப் பற்றிய ஆராய்ச்சி நம் நீலகிரியிலுள்ள குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் நடைபெற்றது.

2009-இல் எச்1என்1 என்னும் புதிய வகை உலகெங்கும் பரவியதை எல்லோரும் அறிவோம். "பன்றிக் காய்ச்சல்" என்று பெயர் பெற்ற அவ்வகை மறைந்துபோகவில்லை. இன்று அது ஆண்டுதோறும் வந்துபோகும் பருவகால ஃப்ளூக்களில் ஒன்றாகிவிட்டது.

4. நல்ல மருந்து இருக்கும்போது ஊசி எதற்கு?

இது நியாயமான கேள்வி. இதே கேள்வியை 1940-களில் மருத்துவ உலகமே கேட்டது. 1945-இல் அமெரிக்க இராணுவப் பயிற்சிப் பள்ளி ஒன்றில், நான்கு வகை நிமோகாக்கஸ்களின் உறைப்பொருளைக் கொண்டு செய்த தடுப்பூசி நன்றாக வேலை செய்கிறது என்று மெக்லியோடும் அவருடைய குழுவினரும் நிரூபித்தார்கள். அதன்பின் தடுப்பூசி கடைக்கும் வந்தது. ஆனால் அதே வேளையில் பென்சிலின் வந்துவிட்டது. "இனி நிமோனியாவுக்கு யார் பயப்படுவார்கள்?" என்று மருத்துவர்கள் ஊசியை மறந்தார்கள். வாங்குவாரில்லாமல் அது விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது.

ராபர்ட் ஆஸ்ட்ரியன் என்னும் மருத்துவர் மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நியூயார்க் நகரின் புரூக்ளினில் ஒரு பெரிய மருத்துவமனையில் வந்து சேர்ந்த நோயாளிகளைப் பல ஆண்டுகள் பொறுமையாகக் கணக்கெடுத்தார். இரத்தத்தில் கிருமி கலந்துவிட்ட நிமோனியா நோயாளிகளில், முதல் ஐந்து நாட்களுக்குள் நேரிடும் மரணங்களைப் பென்சிலினால் பெரிதும் தடுக்க முடியவில்லை என்று 1964-இல் எடுத்துக்காட்டினார். மருந்து கிருமியைக் கொன்றுவிடும். ஆனால் அதற்கு முன்பே உடலில் நடந்துவிட்ட சேதத்தை அது திருப்பித் தராது. அவருடைய விடாமுயற்சியினாலும், தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளரிடையே நடந்த ஆய்வுகளினாலும், 14 வகைகளைத் தடுக்கும் ஊசி 1977-இலும், 23 வகைகளைத் தடுக்கும் ஊசி 1983-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

அவர் சொன்னது இன்றைக்கு இன்னும் அதிகமாகப் பொருந்துகிறது. மருந்துகளுக்கு அடங்காத நிமோகாக்கஸ் வகைகள் பெருகியுள்ளன. நோயே வராவிட்டால் மருந்தும் தேவையில்லை. மருந்து வீணாக உபயோகிக்கப்படுவதும் குறைகிறது.

5. குழந்தைகளுக்கான ஊசி

23 வகை ஊசியில் ஒரு பெருங்குறை இருந்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடல் வெறும் சர்க்கரை உறையைப் பகையென்று அறிந்துகொள்வதில்லை. யாருக்கு அதிக ஆபத்தோ அவர்களுக்கே ஊசி பயன்படவில்லை. இதற்கு ஒரு வழி கண்டார்கள். உறையின் சர்க்கரைப் பொருளை ஒரு புரதத்தோடு இணைத்துவிட்டார்கள். புரதத்தைக் குழந்தையின் உடல் எளிதில் அடையாளம் காணும். அதனோடு ஒட்டியிருக்கும் சர்க்கரையையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும். இதற்கு இணைப்புத் தடுப்பூசி என்று பெயர், சுருக்கமாகப் பி.சி.வி. என்பார்கள். 7 வகைகளுக்கான முதல் ஊசி 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வந்தது. பின்னர் 10, 13, 15, 20 என வகைகள் கூடின.

இதன் பலன் என்ன? ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டுக் கிராமங்களில் 17,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2005-இல் வெளியாயிற்று. எக்ஸ்-ரேயில் தெரியும் நிமோனியா 37 சதவீதமும், எந்தக் காரணத்தினாலும் நேரிடும் குழந்தை மரணம் 16 சதவீதமும் குறைந்தன. மருத்துவமனை எட்டாத தூரத்திலிருந்த ஏழைக் குடும்பங்களில் இது நடந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னும் ஒரு நன்மை எதிர்பாராமல் வந்தது. ஊசி போட்ட குழந்தையின் தொண்டையில் அக்கிருமி வகைகள் தங்குவது குறைகிறது. ஆகவே பேரப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சும் தாத்தா பாட்டிக்கும் அவை தொற்றுவது குறைகிறது. அமெரிக்காவில் குழந்தைகளுக்கு ஊசி போடத் தொடங்கியபின், ஊசி போடாத முதியோரிடமும் இந்நோய் குறைந்தது.

நம் நாட்டில் 1990-களிலேயே, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி உள்ளிட்ட மருத்துவமனைகள் ஒன்றுசேர்ந்து இந்தியாவில் எந்தெந்த நிமோகாக்கஸ் வகைகள் நோய் தருகின்றன என்று கணக்கெடுத்தன. நமக்கு எந்த ஊசி பொருந்தும் என்று அறிய அத்தகைய உழைப்பு தேவைப்பட்டது. 2017-இல் சில மாநிலங்களில் மட்டும் தொடங்கிய அரசின் இலவச பி.சி.வி. திட்டம், 2021-இல் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. குழந்தைக்கு 6 வாரம், 14 வாரம், 9 மாதம் ஆகிய மூன்று வேளைகளில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகப் போடப்படுகிறது. புனேயில் தயாரிக்கப்படும் இந்திய ஊசியும் உலக சுகாதார நிறுவனத்தின் தர ஒப்புதலைப் பெற்றுள்ளது.

உலகில் 2019-ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட 7,40,000 குழந்தைகள் நிமோனியாவால் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆகவே தடுப்பூசி அட்டையை எடுத்து, இந்த மூன்று வேளைகளும் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று ஒவ்வொரு தாயும் பார்க்கவேண்டும்.

6. ஃப்ளூ ஊசி ஆண்டுதோறும் ஏன்?

அம்மை ஊசி போட்டால் நெடுங்காலம் காக்கிறது. ஃப்ளூ ஊசி மட்டும் ஏன் வருடாவருடம் என்று பலர் கேட்கிறார்கள். இன்புளுயன்சா வைரஸ் தன் மேல்சட்டையைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. சென்ற ஆண்டு உண்டான எதிர்ப்புச் சக்தி இவ்வாண்டின் வைரஸை அடையாளம் காணத் தடுமாறுகிறது. ஊசியின் சக்தியும் மாதங்கள் செல்லச்செல்லக் குறைகிறது. ஆகையால் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை கூடி, பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும், அடுத்த ஊசியில் எந்த வைரஸ்கள் இருக்கவேண்டும் என்று அறிவிக்கிறது.

நம் நாட்டின் பல பகுதிகளில் தென்மேற்குப் பருவமழையோடு ஃப்ளூ கூடுகிறது. சென்னைப் பக்கத்திலோ வடகிழக்குப் பருவமழையை ஒட்டி ஐப்பசி, கார்த்திகையில் மிகுதியாகிறது. ஊசி போட்டபின் எதிர்ப்புச் சக்தி உண்டாக இரண்டு வாரங்கள் ஆகும். ஆகவே மழை தொடங்கும் முன்பே போட்டுக்கொள்வது நலம்.

இந்த ஊசி நூற்றுக்கு நூறு காக்கும் என்று சொல்லமாட்டோம். வைரஸும் ஊசியும் நன்கு பொருந்தும் ஆண்டில், மருத்துவரிடம் செல்லவேண்டிய அளவுக்கு ஃப்ளூ வரும் வாய்ப்பை ஏறத்தாழ 40 முதல் 60 சதவீதம் குறைக்கிறது. அதையும் மீறி வந்தால், நோய் கடுமையாகாமல் இருக்க உதவுகிறது. இருதய நோயாளிகள் இதைக் கவனிக்கவேண்டும். ஃப்ளூ உறுதி செய்யப்பட்ட முதல் வாரத்தில் மாரடைப்பு வரும் ஆபத்து ஏறத்தாழ ஆறு மடங்காகிறது என்று கனடாவில் நடந்த ஆய்வு 2018-இல் காட்டியது.

7. யாருக்கு எந்த ஊசி?

ஃப்ளூ ஊசி: 65 வயது கடந்தோர், கர்ப்பிணிகள், சர்க்கரை நோய், ஆஸ்துமா, இருதயம், சிறுநீரகம் ஆகியவற்றில் கோளாறு உள்ளோர், ஆறு மாதம் நிறைந்த குழந்தைகள், மருத்துவமனைப் பணியாளர்கள். கர்ப்பிணி போட்டுக்கொண்டால், ஊசி போட முடியாத முதல் ஆறு மாதங்களில் பிறந்த குழந்தைக்கும் தாயின் எதிர்ப்புச் சக்தி துணையாகிறது. ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதல்முறை போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசிகள் தேவை.

பெரியவர்களுக்கான நிமோகாக்கஸ் ஊசி: முதியோர், நீண்டகால நுரையீரல் நோய், சர்க்கரை நோய், சிறுநீரக நோய் உள்ளோர், எச்.ஐ.வி. தொற்று உள்ளோர், புகைபிடிப்போர். மண்ணீரல் அகற்றப்பட்டவர்களுக்கும், நீலகிரிப் பழங்குடி மக்களிடையே காணப்படும் அரிவாளணு நோய் உள்ளவர்களுக்கும் இது மிகமிக அவசியம். இரத்தத்திலிருந்து இக்கிருமியை வடிகட்டுவது மண்ணீரலே. அது இல்லாதவரை இந்நோய் ஒரே நாளில் கொன்றுவிடக்கூடும். 20 வகைகளுக்கான இணைப்பூசி ஒருமுறை போட்டால் போதும். 13 அல்லது 15 வகை ஊசி போட்டவர்களுக்கு, பொதுவாக ஓராண்டு கழித்து 23 வகை ஊசியும் தரப்படுகிறது. நெதர்லாந்தில் 84,000-க்கும் அதிகமான முதியோரிடம் நடந்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. 13 வகை ஊசி, அந்த வகைகளால் வரும் நிமோனியாவை 45 சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலாகவும், இரத்தத்தில் பரவும் கடும் நோயை 75 சதவீதமும் குறைத்தது.

இரண்டு ஊசிகளையும் ஒரே நாளில், ஆளுக்கொரு கையில் போட்டுக்கொள்ளலாம்.

8. அடிக்கடி கேட்கும் சந்தேகங்கள்

"ஊசி போட்டால் ஃப்ளூவே வந்துவிடுமாமே?" ஊசியாகப் போடப்படும் மருந்தில் உயிருள்ள வைரஸ் இல்லை. ஆகையால் நோய் வராது. கையில் வலியும் ஓரிரு நாள் லேசான காய்ச்சலும் வரலாம்.

"முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள் போடலாமா?" முன்பு தயங்கினார்கள். இப்போது அது தடையல்ல என்று அறியப்பட்டுள்ளது. முந்தைய ஊசிக்கே கடும் ஒவ்வாமை ஏற்பட்டவர்கள் மட்டும் மருத்துவரிடம் சொல்லவேண்டும். ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் போவது எல்லோருக்கும் நல்லது.

"இனி சளியே பிடிக்காதா?" பிடிக்கும். ஜலதோஷ வைரஸ்கள் பல, காசநோயும் வேறு. கைகழுவுதலும், புகையில்லா அடுப்பும், தாய்ப்பாலும் ஊசிக்குப் பின்னும் தேவையே.

9. ஆபத்தை எப்படி அறிவது?

ஸ்டெதாஸ்கோப் இல்லாமலே ஒரு தாய் நிமோனியாவைச் சந்தேகிக்கலாம். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் செல்லுங்கள். மூச்சு இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்கவேண்டாம். முதியோருக்குச் சில வேளை காய்ச்சலே தெரியாது. திடீர்க் குழப்பமும், எழுந்து நடமாட முடியாமையும், மூச்சு வாங்குவதுமே முதல் அடையாளமாக இருக்கலாம்.

10. நம் வீட்டில் விட்டுப்போன இடம்

ஒரு சாதாரணக் குடும்பத்தை எண்ணிப்பாருங்கள். பேத்திக்கு அரசு நிலையத்தில் பி.சி.வி. இலவசமாகக் கிடைக்கிறது, நல்லது. அதே வீட்டில் சர்க்கரை நோயோடு இருக்கும் பாட்டிக்கு இந்த இரண்டு ஊசிகளையும் பெரும்பாலும் காசு கொடுத்தே வாங்கவேண்டியிருக்கிறது. "இந்த வயதில் எனக்கு எதற்கு? பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுங்கள்" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். வீட்டாரும் அதோடு விட்டுவிடுவார்கள். ஆனால் அவர்கள் நிமோனியாவில் படுத்தால், ஒரு வாரம் ஆக்சிஜனோடு மருத்துவமனையில் இருக்க ஆகும் செலவு ஊசியின் விலையைப்போலப் பல மடங்கு. அதற்காகவே வாங்கிய கடனைப் பல ஆண்டுகள் அடைக்கும் குடும்பங்கள் உண்டு. பணத்தைத் திரும்ப ஈட்டலாம். மழைக்காலத்தில் போன பாட்டி திரும்பமாட்டார். முதியோர் தம் வாயால் கேட்கமாட்டார்கள். பிள்ளைகள்தாம் கேட்டறிந்து அழைத்துப்போகவேண்டும்.

படித்தபின் வீட்டாரோடு சேர்ந்து சிந்திக்க:

அ. நம் வீட்டுக் குழந்தையின் அட்டையில் 6 வாரம், 14 வாரம், 9 மாத பி.சி.வி. பதிவாகியுள்ளதா?

ஆ. நம் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ 65 வயதைக் கடந்தவர், சர்க்கரை நோயாளி, ஆஸ்துமா உள்ளவர், கர்ப்பிணி யார் யார்? அவர்களில் யாருக்கு இவ்வாண்டு ஃப்ளூ ஊசி போட்டாயிற்று?

இ. ஃப்ளூ வந்தவருக்கு நிமோனியா எளிதில் வருவது ஏன்? வீட்டிலுள்ள சிறுவர் ஒருவருக்குப் புரியும்படி சொல்லிப்பாருங்கள்.

ஈ. ஒரு நிமிட மூச்சை எண்ண வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மழை மேகம் கூடுமுன் இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை கண்டுவிடுங்கள்.